இடது மூலைப் பட்டன்கள்

ஞாயிறு, பிற்பகல்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நானும் உங்கள் தம்பியும் இங்கே சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுதினால் அடுத்த வரியிலேயே ஓர் 'ஆனால்' போட வேண்டி வரும். அதனால் முதலில் உங்களைக் கேட்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதீர்கள் என்று டாக்டர் சொன்னதை ஒரு நாளாவது கேட்டீர்களா?

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தை வீணாக்குகிறாள் என்று நினைக்காதீர்கள். உங்கள் காதுக்கு எட்டும்படி நான் போனில் பேசினால் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிடுகிறது. மெசேஜ் அனுப்பலாம் என்றால், என் போன் வாளித் தண்ணீரில் முங்கிய நாளிலிருந்து வீட்டில் ஒரே போன்தான். அது உங்கள் தம்பியின் சட்டைப் பையை விட்டு இறங்குவதில்லை. கடிதம் என்றால் நமக்குள் இருக்கும்.

முதலில் நல்ல சமாசாரம். நீங்கள் பார்க்கச் சொன்ன சீனத் தொடரில் இரண்டு பேரும் விழுந்துவிட்டோம். ஆரம்பத்தில் உங்கள் தம்பி, ஒரு பலகை, இரண்டு கிண்ணம் கல், மூச்சுவிடாமல் எதிரெதிரே இரண்டு பேர், இதில் என்ன கதை என்று அலுத்துக்கொண்டார். முதல் பாகம் முடிவதற்குள் டீ ஆறிப்போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தார். இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் பேருந்தை நிறுத்திவிட்டு நேராக வீடு. கை கால் கழுவியதும் டிவி. வழியில் கூட்டாளிகளோடு நின்று அளக்கிற கதையெல்லாம் போயே போச்சு.

பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்துவிட்டோம். ஓடக்காரனின் மகள் 'ஓடக்காரி'. அவளை எதிர்த்து ஆடும் அரண்மனைப் பெரியவர் 'வெள்ளைப் புருவம்'. மழை இல்லாத நாளிலும் குடையோடு வந்து அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறானே, அவன் 'குடை'. அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்குள் எனக்குத் தலை நரைத்துவிடும் போலிருக்கிறது. படகு கவிழ்ந்து ஆட்கள் போய்விட்டார்கள் என்று ஓடக்காரனைச் சிறையில் போட்டதும் உங்கள் தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. தானும் வண்டி ஓட்டுகிறவர் அல்லவா. என்ன நடந்தாலும் ஓட்டுகிறவன் தலையில்தான் விடியும் என்று டிவியோடு சண்டை போட்டார். மகள் வெள்ளைப் புருவத்தை ஜெயித்தால் அப்பாவுக்கு விடுதலை என்று சொன்ன அன்றைக்கு, இரவுச் சாப்பாட்டைத் தட்டில் வைத்தபடியே மறந்துபோனார்.

அவருக்கு ஒரே குறை, கீழே ஓடுகிற தமிழ் எழுத்துதான். எழுதுகிறவன் சோம்பேறியாம், ஒவ்வொரு வரியிலும் முதல் இரண்டு வார்த்தைகளை முழுங்கிவிடுகிறானாம். எனக்கு எல்லாம் முழுசாகத்தான் வருகிறது. அவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் வரி ஓடிவிடுகிறது, அதைச் சொல்ல வெட்கம் என்று கேலி செய்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதனால் இப்போது நான் வாய்விட்டுப் படிக்கிறேன், அவர் கேட்கிறார்.

இன்னொரு கூத்தும் நடக்கிறது. பழைய அலமாரிக் கதவின் பலகையில் கோடு போட்டு, வீட்டிலேயே அந்த ஆட்டத்தை ஆட ஆரம்பித்துவிட்டோம். கல்லுக்கு எங்கே போக? நான் வேலை செய்கிற தையல் கடையிலிருந்து பட்டன் கொண்டுவந்தேன். பள்ளிச் சீருடைச் சட்டைக்கு வைக்கிற வெள்ளைப் பட்டன் எனக்கு, கோட்டுக்கு வைக்கிற கறுப்புப் பட்டன் அவருக்கு. கோடும் கோடும் சந்திக்கிற இடத்தில் வைக்க வேண்டும். எதிராளியின் பட்டனைச் சுற்றி வளைத்துவிட்டால் அது நம் கைக்கு வந்துவிடும். சொல்லச் சுலபம், ஆடினால் மண்டை காய்கிறது. ஆனால் அக்கா, தற்பெருமை என்று நினைக்காதீர்கள், ஜெயிப்பது முழுக்க நான்தான். அவருக்கு இடது கைப்பக்கம் இருக்கிற மூலையில் ஒரு பட்டனை வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். பிறகு அதன் பக்கத்தில் ஒன்று. அவர் வலதுபக்கத்தைக் காவல் காத்துக்கொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் ஊரையே வளைத்துவிடுவேன். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் நான் வாங்கிய மார்க் உங்களுக்குத் தெரியாது, நல்லவேளை. இந்த வயதில் மூளை வேலை செய்வதைப் பார்த்து எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

இப்போது அந்த 'ஆனால்'. உங்கள் தம்பி முன்போல இல்லை. தோற்றால் சிரிக்கிற மனுஷர், இப்போது நான் கள்ளாட்டம் ஆடுகிறேன் என்கிறார். தான் பார்க்காத நேரத்தில் பட்டனை வைத்துவிடுகிறேனாம். போன வாரம் பேருந்தின் இடதுபக்கக் கண்ணாடி ஒரு விளக்குக் கம்பத்தில் உரசி உடைந்துவிட்டது. அதற்கு முன்பும் ஒருமுறை உடைந்ததாம், எனக்குச் சொல்லவே இல்லை. கம்பத்தை ரோட்டுக்கு மேலேயே நட்டுவைத்திருக்கிறார்கள் என்று திட்டுகிறார். அந்தக் கம்பம் நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்த நாளிலிருந்து அங்கேதான் நிற்கிறது. அக்காவுக்குச் சொல்லிவிடாதே என்றார். சொல்லிவிட்டேன்.

வேலையில் ஏதாவது மனக்கஷ்டமோ, என்மேல் ஏதாவது வருத்தமோ தெரியவில்லை. சின்ன வயதில் தோற்றால் இப்படித்தான் கோபப்படுவாரா? அம்மா போன பிறகு அவரை வளர்த்தவர் நீங்கள், உங்களுக்குத்தான் தெரியும். பதிலை வீட்டுக்கு அனுப்பாதீர்கள், கவரைப் பிரிக்கிற கை அவருடையது. தையல் கடை முகவரிக்கு அனுப்புங்கள்.

முழங்காலுக்குத் தைலம் போட்டு நன்றாகத் தேய்த்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி மனைவி


புதன், தையல் கடையிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுப் படித்தேன். சின்ன வயதில் அவர் தோற்றுக் கோபப்பட்டதே இல்லை, உங்களுக்காக வேண்டுமென்றே தோற்பார் என்று எழுதியிருந்தீர்கள். அக்கா, அவருக்குக் கோபம் இல்லை. என்மேல் வருத்தமும் இல்லை. வேறு ஒன்று. எப்படி எழுதுவதென்று இரண்டு நாளாக யோசித்து, நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு எழுதியதற்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் ஆடிக்கொண்டிருந்தோம். வழக்கம்போல அவருடைய இடது மூலையை நான் வளைத்துவிட்டேன். அவர் டீ குடிக்கத் தலையைத் திருப்பிய நேரத்தில் நான் நாலைந்து பட்டனை வைத்துவிட்டதாகச் சண்டைக்கு வந்தார். எனக்கும் பொறுமை போய்விட்டது. என் பக்கத்திலிருந்துதான் பாருங்களேன், எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா இல்லையா என்று பலகையை அப்படியே அரைவட்டம் சுற்றிவைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். அதுவரை இடப்பக்கம் இருந்த என் வெள்ளைப் பட்டன்கள் இப்போது அவருக்கு வலப்பக்கம். அவற்றை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"என் கறுப்பெல்லாம் எங்க? எடுத்துட்டியா?"

அக்கா, அந்தக் கறுப்புப் பட்டன்களை ஆரம்பத்திலிருந்து அடைகாத்தவர் அவர். இப்போது அவை அவருடைய இடக்கைக்குப் பக்கத்திலேயே இருந்தன. விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் அவர் தலையை மெதுவாக இடப்பக்கம் திருப்பினார். கண்ணில் பட்டதும், "ஓ, இங்கதான் இருக்கா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய், அடுப்பைப் பற்றவைக்காமலே பால் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மூளை வேலை செய்ததாக நினைத்துக் குதித்தேனே, நான் ஜெயித்ததெல்லாம் அவருக்குத் தெரியாத இடத்தில்.

உடனே எல்லாம் ஒன்றாகக் கூடி வந்தது. வரியின் முதல் வார்த்தைகளை முழுங்கியது எழுதியவன் இல்லை. கம்பம் நகரவில்லை. போன கோடையில் ஒருநாள் தலைவலி, வாந்தி என்று விழுந்து கிடந்தாரே, வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாமும் விட்டுவிட்டோம், அதற்குப் பிறகுதான் இதெல்லாம் என்று இப்போது தோன்றுகிறது.

அவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன், கண்ணைக் காட்டிவிட்டு வரலாமா என்று. வருஷா வருஷம் பள்ளிக்கூடத்தில் பரிசோதனை செய்கிறார்கள், கடைசி வரியில் இருக்கிற பொடி எழுத்துவரை படித்துவிட்டேன், டாக்டரே கழுகுக் கண் என்று சொன்னார் என்கிறார். உண்மைதான். நேரே இருப்பது எல்லாம் தெரிகிறது. ஊசியில் நூல்கூடக் கோத்துக் கொடுக்கிறார்.

நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனோ என்று சந்தேகம் வந்தது. திங்கட்கிழமை சாயங்காலம், தைத்த சீருடை மூட்டையோடு போய்ப் பள்ளிக்கூட வளைவில் நின்றேன். பேருந்து அங்கே இடப்பக்கம் மெதுவாகத் திரும்பும். நான் நின்றதும் இடப்பக்கம்தான். சிவப்பு மூட்டை, நானும் ஒன்றும் ஒல்லி இல்லை. கையை ஆட்டினேன். கொஞ்சம் எட்டினால் கதவைத் தொட்டிருப்பேன். நேரே பார்த்தபடி போய்விட்டார். வீட்டுக்கு வந்ததும் அவரே கேட்டார், இன்றைக்கு நீ வெளியே எங்கேயும் போகவில்லையா என்று.

நேற்று பேருந்தில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயாவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். அந்தம்மா புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னார். கதவுத் தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் போகலாம், இரண்டு தட்டினால் பொறு என்று கோடையிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறார்களாம். உங்கள் தம்பிதான் அப்படிச் செய்யச் சொன்னாராம், கண்ணாடியில் தூசி படிகிறது என்று. தன் கைக்காசில் பெரிய கண்ணாடி ஒன்றும் வாங்கி மாட்டியிருக்கிறார். போன மாதம் ஒரு சின்னப் பெண் இறங்கியதும் தண்ணீர் பாட்டில் உருண்டுவிட்டது என்று முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருக்கிறது. ஆயா தகரத்தைத் தட்டிய தட்டில் கை வீங்கிப்போயிற்றாம். பேருந்து நின்றுவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் இல்லை. பாட்டில்தான் நசுங்கியது. இந்த விஷயத்தை அவர் என்னிடம் சொல்லவில்லை அக்கா. ஒரு பாட்டில் நசுங்கினதை யார் வீட்டில் வந்து சொல்வார்கள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது கேளுங்கள். அந்த ஆயா இந்த மாதக் கடைசியோடு போகிறார். மகளுக்குப் பிரசவ நேரம், இனி வேலைக்கு வரமாட்டாராம். அடுத்து வருகிற பெண் பின் இருக்கையில் உட்கார்ந்து பழகியவளாம். தகரம், தட்டு, எதுவும் அவளுக்குத் தெரியாது. அதிலிருந்து என் கை ஓடவில்லை. நேற்று ஒரு சட்டைக்கு இரண்டு கையும் ஒரே பக்கத்துக் கையாகத் தைத்துவிட்டேன். கட்டிங் மாஸ்டர், இந்தப் பிள்ளை எப்படிச் சோறு தின்னும் என்று கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்தால் அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஓடக்காரி ஆற்றங்கரையில் மழையில் நனைந்தபடி வேறொருவனோடு ஆடி ஜெயித்தாளே, அந்தக் கட்டத்தில் கைதட்டினார். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே, திரையில் இடப்பக்கம் குடை வந்து நிற்கிறானே, இவருக்குத் தெரிந்ததா என்று அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை. அந்தப் பையன் இன்னும் வரவில்லையே என்றார்.

நான் சொன்னால் கேட்கமாட்டார். உங்களுக்குக் காது மந்தமாகிறது என்று முதன்முதலில் உங்களிடம் சொன்னவர் அவர்தான் என்பீர்களே. வீட்டில் எல்லோரும் தெரிந்தும் தெரியாததுபோல இருந்தபோது அவர் மட்டும் சொன்னார், நீங்கள் ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை, பிறகு அவரோடுதான் காது மெஷின் வாங்கப் போனீர்கள். அதே மாதிரி இப்போது நீங்கள் வந்து அவருக்குச் சொல்லுங்கள். மாதம் முடிவதற்குள் வாருங்கள் அக்கா. பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்துவிட்டேன். ஸ்டியரிங்கை விட்டால் அவருக்கு வேறு என்ன தெரியும்? பிள்ளைகள் எல்லாம் 'பாட்டு மாமா' என்றுதான் கூப்பிடுகிறார்கள், காலையில் பாடிக்கொண்டே ஓட்டுவதால்.

உங்கள் பதிலுக்குக் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி


வியாழன், காலை

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

முழங்கால் வீங்கியிருக்கிறது, பயணம் செய்ய இரண்டு மூன்று வாரமாகும், அதுவரை பொறுமையாக இரு, வெளியாட்கள் காதில் போட்டுவிடாதே, வேலையில் கை வைத்தால் அவன் உடைந்துபோவான் என்று எழுதியிருந்தீர்கள். பெரியவர் சொல்வதைத் தட்டக்கூடாது என்று எனக்கும் தெரியும். தட்டிவிட்டேன்.

ஆயா கடைசியாக வேலைக்கு வந்த நாள் சாயங்காலம், அவரை உட்காரவைத்து நேராகவே சொன்னேன். உங்களுக்கு இடப்பக்கம் தெரியவில்லை, வண்டி ஓட்டாதீர்கள் என்றேன். முதலில் சிரித்தார். பட்டன் ஆட்டத்தில் ஜெயிக்கத் தெரிந்தவளுக்கு இப்போது வைத்தியமும் தெரிந்துவிட்டது என்று கேலி செய்தார். நான் விடவில்லை. பாட்டில் விஷயத்தைக் கேட்டேன். முகம் மாறிவிட்டது. "இத்தனை வருஷத்துல ஒரு குழந்தை மேல ஒரு கீறல் விழுந்திருக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். கீறல் விழவில்லை என்பது நிஜம்தான்.

மறுநாள் சனிக்கிழமை. சீருடைகளைக் கொடுக்கிற சாக்கில் பள்ளிக்கூட அலுவலகத்துக்குப் போனேன். பேருந்துகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அந்த அம்மா ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். யார் சொன்னது என்று அவரிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். சரி என்றார். வெளியே வந்தால், பேருந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தது. அவர் மாட்டிய பெரிய கண்ணாடியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். அதில் என் முகம் தெரிந்தது. வேகமாக நடந்துவிட்டேன்.

திங்கள் காலை போன மனுஷர் கொஞ்ச நேரத்தில் நடந்தே திரும்பி வந்தார். கண் ஆஸ்பத்திரியில் பரிசோதித்துச் சீட்டுக் கொண்டுவரும்வரை வண்டியைத் தொடக்கூடாது என்றுவிட்டார்களாம். காலணியைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கழற்றிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஒரு பெட்டிக்குள் முகத்தை வைத்து, நடுவில் இருக்கிற புள்ளியையே பார்க்கச் சொன்னார்கள். சுற்றிலும் வெளிச்சம் மின்னும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். வலப்பக்கம் மின்னியபோது டக் டக் என்று அமுக்கினார். இடப்பக்கம் மின்னிக்கொண்டே இருந்தது, அவர் விரல் அசையாமல் காத்திருந்தது. பக்கத்தில் நின்ற எனக்கு அந்தப் பொத்தானை நானே அமுக்கிவிடலாமா என்றிருந்தது. கண்ணில் கோளாறு இல்லை, மூளையில் எப்போதோ ஒரு சின்ன அடைப்பு வந்து போயிருக்கிறது, இரண்டு கண்ணிலும் இடப்பக்கப் பார்வை போய்விட்டது என்றார் டாக்டர். போனது வருமா என்று கேட்டேன். பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், இன்னொன்று வராமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். கண்டுபிடித்துக் கூட்டி வந்தது நல்லதாகப் போயிற்று என்று என்னிடம் சொன்னார். அதை அவர் காது கேட்கச் சொல்லியிருக்க வேண்டாம்.

அன்று சாயங்காலம் தொடரைப் போடட்டுமா என்று கேட்டேன். போடு என்றார். நீங்கள் பார்த்திருப்பீர்கள், சிறையில் ஓடக்காரன் மகளிடம் அந்தப் பழைய படகைப் பற்றிச் சொல்கிற பாகம். அடிப்பலகையில் விரிசல் இருந்தது அவனுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா என்று சொல்லாமலே முடித்துவிட்டார்கள். நான் டிவியை அணைத்தேன். அவர் அணைந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கிறியா?" என்று கேட்டார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

"தெரிஞ்சிருக்கும். பயத்துல ஒரு கோணியப் போட்டு மூடியிருப்பான். அடுத்த தடவை சரி பண்ணிக்கலாம்னு நினைச்சிருப்பான்."

அக்கா, அவ்வளவுதான் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுதார். நீங்கள் இதுவரை பார்த்திருக்கமாட்டீர்கள், நானும் பார்த்ததில்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதமே வேண்டியிருக்காது. நேற்றுக் காலையிலிருந்து அவருக்குக் கோபம் திரும்பிவிட்டது. தன்னைக் காட்டிக்கொடுத்தது யார் என்று துருவ ஆரம்பித்துவிட்டார். அது ஆயாதான் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். என்மேல் அவருக்குச் சந்தேகமே வரவில்லை, எனக்குப் பாட்டில் கதையைச் சொன்னவள்தான் அங்கேயும் சொல்லியிருப்பாள் என்கிறார். தகரம் தட்டினது அவளுக்கு மட்டும்தானே தெரியும், வேலையை விட்டுப் போகிற போக்கில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள், தன்னிடம் நேரே சொல்லியிருக்கலாமே என்கிறார். நாளைக்கு அந்தம்மா வீட்டுக்கே போய் நாலு வார்த்தை கேட்கப் போகிறாராம். அங்கே மகள் நிறைமாதமாக இருக்கிறாள். அந்தம்மா கை வீங்க வீங்கத் தட்டித்தான் எங்கள் வீட்டையும் யாரோ ஒருவர் வீட்டையும் காப்பாற்றினார். என் பழியை அந்தம்மா தலையில் விழவிட முடியாது.

அதனால் இன்று சாயங்காலம் அவரிடம் சொல்லப் போகிறேன். நான்தான் சொன்னேன் என்று. இந்தக் கடிதத்தை உங்கள் ஊருக்குப் போகிற பேருந்தில் கொடுத்தனுப்புகிறேன், இரவு உங்கள் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். தோசைக்கரண்டியைத் தூக்கி எறிகிற மனுஷர் இல்லை அவர், அது உங்களுக்கே தெரியும். கத்தினால்கூடத் தாங்கிக்கொள்வேன். ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு உங்கள் ஊருக்குப் பேருந்து ஏறிவிடுவார். கல்யாணமான புதிதில் இரண்டு தடவை அப்படிச் செய்திருக்கிறார், இரண்டு தடவையும் உங்களிடம்தான் வந்தார். இந்தத் தடவை எத்தனை நாள் இருப்பார், திரும்பி வருவாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்காக ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம். நான் செய்தது சரி என்று அவரிடம் வாதாடவும் வேண்டாம், உங்களுக்கே என்மேல் கோபம் இருக்கும். சரியா தப்பா என்று நானே ஒரு நாளைக்கு நாலு தடவை கேட்டுக்கொள்கிறேன். காலையில் அந்தப் பேருந்து வேறு ஒரு டிரைவரோடு எங்கள் தெருவைத் தாண்டும்போது ஜன்னலோரம் பிள்ளைகளின் தலைகள் வரிசையாகத் தெரிகின்றன. அப்போது மட்டும் கேள்வி நின்றுபோகிறது.

சில விஷயங்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு, விடக்கூடாது. உங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே ரோட்டைக் கடக்க வேண்டுமே, அங்கே யாரையாவது நிறுத்திவையுங்கள். கையைப் பிடித்தால் உதறுவார், பேசிக்கொண்டே பக்கத்தில் நடந்தால் போதும். தட்டில் எதையும் இடப்பக்க ஓரமாக வைக்காதீர்கள், பிடிக்கவில்லை என்று ஒதுக்கியதாக நீங்கள் நினைத்துக்கொள்வீர்கள். பேசும்போது அவருக்கு வலப்பக்கமாக உட்காருங்கள்.

தொடரில் இன்னும் கொஞ்சம் பாகங்கள் பாக்கி இருக்கின்றன. அதை உங்களோடு பார்க்கட்டும். எழுத்தை நீங்கள் வாய்விட்டுப் படியுங்கள், அவருக்கு நான் அப்படித்தான் படிப்பேன். ஓடக்காரி வெள்ளைப் புருவத்தை ஜெயித்தாளா, அவள் அப்பா வெளியே வந்தாரா என்று எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் நான் தனியாக உட்கார்ந்து பார்க்கமாட்டேன். நீங்களும் முடிவைக் கடிதத்தில் எழுதிவிடாதீர்கள் அக்கா, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். அவரே வந்து எனக்குச் சொல்லட்டும்.

என்றும் உங்கள் தம்பி மனைவி